ஊர் மழைக்காக மஸ்கட்டில் ஓடுவது

1

பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். இங்கே மஸ்கட்டில் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். தலை ஈரம். இடுப்பில் அரைக்கால் சட்டை. கையில் பித்தளைச் செம்பு, அதன் வாயில் மஞ்சள் துணி. பின்னால் வந்த போலீஸ் ஜீப் என்னை ஒட்டி நின்றது. இந்த ஊர்ப் போலீஸ்காரர்களுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். எனக்கும் கொஞ்சம் தெரியும். அவர் கொஞ்சமும் என் கொஞ்சமும் வேறு வேறு என்பதுதான் கஷ்டம்.

செம்பைக் காட்டி என்ன என்று கேட்டார். "பானி" என்றேன். துணியை விலக்கிப் பார்த்தார், தண்ணீர்தான். மோந்து பார்த்தார், அப்போதும் தண்ணீர்தான். உன் வீட்டில் பானி வருவதில்லையா என்றார். வருகிறது என்றேன். பிறகு இது எதற்கு என்றார்.

தீர்த்தம் என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது? நேர்த்திக்கடனுக்கு அரபியில் என்ன பேர்? தெரிந்த ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு, வானத்தைக் கையால் காட்டி, "பானிக்காகப் பானி" என்று சொல்லி முடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பைத்தியம் என்று நினைத்தாரோ, பாவம் என்று நினைத்தாரோ, ஜீப்பில் ஏற்றி வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் தீர்த்தத்தை வண்டியில் கொண்டுவரக் கூடாது. அவர் போனதும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, மறுபடியும் கடற்கரைக்கு ஓடினேன். பிள்ளைகள் பள்ளிக்கூட வண்டிக்கு நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் ஓட வேண்டும். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மகன் யாரோ எவரோ என்பதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

அந்தப் போலீஸ்காரரிடம் எந்தப் பாஷையிலும் சொல்ல முடியாததைத் தமிழில் உங்களிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். இங்கே துறைமுகத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களுக்குச் சோதனை உண்டு. குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்து, அப்படியே போய் நீச்சல் குளத்தில் இறங்கி, போய்ப் போய் வர வேண்டும். வண்டி ஓட்டுகிறவன் எதற்காக ஓட வேண்டும் என்று வந்த புதிதில் அதிகாரியிடம் கேட்டேன். அவர் வெள்ளைக்காரர். "வண்டி நின்றுவிட்டால்?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு மேல் பேச எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

சோதனையில் தோற்றால் விசாவை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள். மனைவி சரசு, பிள்ளைகள் இருவர், மூன்று பேர் விசாவும் என் விசாவில்தான் தொங்குகிறது. பாஸ்போர்ட்டுகள் கம்பெனி அலமாரியில். ஆக, என் காலும் கையும் எப்படி வேலை செய்கின்றன என்பதில்தான் எங்கள் நான்கு பேர் சாப்பாடும் படிப்பும் இருக்கிறது.

நீச்சல் எனக்குத் தெரியாததல்ல. கிணற்றில் பழகியவன். அதுதான் வினையாகிப்போனது. முதல் தடவை குளத்தைக் கண்டதும் பழைய வழக்கத்தில் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு தொம்மென்று குதித்தேன். அதிகாரியின் பூட்ஸ் நனைந்துபோயிற்று. அது போகட்டும். எங்கள் கிணற்றில் நான்கு கை போட்டால் சுவர் வந்துவிடும். அதற்கு மேல் நேராகப் போய் எனக்குப் பழக்கமில்லை. பாதிக் குளத்தில் உடம்பு தானாகத் திரும்பிக்கொண்டது. பக்கத்துக் கோட்டில் வந்த மலையாளி மேல் போய் மோதினேன். "நீ காப்பாற்ற வேண்டியவன். நீயே அவனை மூழ்கடிக்கிறாயே" என்றார் அதிகாரி.

பழகலாம் என்றால் நேரம் எங்கே? வாரா வாரம் ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் என்றால் பள்ளிக்கூட வண்டிக்கு முன்னால் எங்கள் வண்டி வந்துவிடும். பகல் ஷிப்ட் என்றால் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஓடலாம். ஆனால் சரசு பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் சமைக்கும்போது குழந்தை என் மடியில். இரவு ஷிப்ட் வாரத்தில் ஓடினால் தூக்கம் போகும். நீச்சல் குளம் எங்களுக்குத் திறப்பது வெள்ளிக்கிழமை விடியலில் மட்டும். வெள்ளிக்கிழமைதான் சரசுவுக்கு வீடு கழுவி, அலமாரிக்குள் இருக்கிற சின்ன அம்மன் சிலைக்குப் பூப்போட்டுக் கும்பிடுகிற நாள். "அம்மனுக்கு வெளக்குப் போடற நேரத்துல எங்கீங்க துண்டத் தூக்கிட்டுப் போறீங்க?" என்பாள். ஓட நேரம் கிடைத்த நாளில் நீந்த இடம் இல்லை. இடம் இருந்த நாளில் வீட்டில் வழி இல்லை.

ஊருக்குப் போவதற்கு முந்தின சோதனையில் மயிரிழையில் தப்பித்தேன். அதிகாரி என் வயிற்றைப் பார்த்து, "அடுத்த வருஷம் இதைக் கூட்டிக்கொண்டு வராதே" என்றார். அடுத்த சோதனை, இரண்டு மாத லீவு முடிந்து திரும்பியதும். ஊரில் நேரம் உண்டு, கிணறு உண்டு, பழகிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு குடும்பத்தோடு விமானம் ஏறினேன்.

3

ஊரில் மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு வட்டில் அளவுக்குத் தண்ணீர் மினுங்கியது.

"நீச்சலடிக்கப் போறயா?" என்றான் அண்ணன். "எறங்கு போ. தவளையே அங்க நடந்துதான் போவுது."

சரி, ஓட்டத்தையாவது பார்ப்போம் என்றால் விருந்து விடவில்லை. விடிந்தால் யாராவது வந்து நிற்பார்கள். ஒருவர் வீட்டில் காது குத்து, ஒருவர் வீட்டில் கெடா வெட்டு, ஒருவர் தோட்டத்தில் போர் போடப் போகிறார், ரிக் வண்டி வந்து நிற்கிறது, வந்து பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்வார். வேண்டாம் என்றால், "வெளிநாட்டுக்காரரு நம்மூட்ல எல்லாங் கை நனைப்பாரா?" என்று ஒரு குத்து. வயிறு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போயிற்று.

கடைசியில் ஒரு நாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். தார்ச் சாலையில் என் அக்காவைக் கொடுத்திருக்கிற ஊர்ப் பக்கமாக ஓடினேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிளில் ஒருவர் கூடவே வந்து, "என்னாச்சுங்க?" என்றார். மூச்சு வாங்க, "ஒண்ணுமில்லீங்க" என்றேன். வேறு இருவரும் கேட்டார்கள். அவர்களுக்கும் அதே பதில். அக்கா ஊர் எல்லையில் திரும்பி, வண்டித் தடம் வழியாக வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க இன்னும் போவலீங்களா?" என்றார்.

"எங்கீங்க?"

"உங்கக்கா மாமனாரு தவறிட்டாராம். நீங்க ஓடறதப் பாத்துட்டுத்தான எல்லாருங் கௌம்பிப் போனாங்க!"

எங்கள் பக்கத்தில் வயது வந்த ஆள் ஓடினால் எழவு, இல்லாவிட்டால் தீ. வேறெதற்கும் யாரும் ஓடுவதில்லை. அக்கா மாமனார் படுக்கையில் கிடந்து மாதக்கணக்காகிறது. நான் அந்த ஊர்ப் பக்கம் ஓடியிருக்கிறேன். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று வேறு சொல்லியிருக்கிறேன். வாயில் வராத துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுபடியும் ஓடினேன். இந்தத் தடவை நிஜமாகவே அவசரம். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டு வாசலில் கூட்டம். அண்ணன் கக்கத்தில் கோடித் துணி, கையில் மாலை. வேப்ப மரத்தடிக் கட்டிலில் அக்கா மாமனார் எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊரே எதற்கு வந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பார்வை மங்கியவர், கையை நீட்டிக் கோடியை வாங்கித் தடவிப் பார்த்தார்.

"நல்ல துணியாத்தான் எடுத்திருக்கறீங்க" என்றார். அப்புறம் என் அக்காவிடம், "மடிச்சு வெய்யி அம்மிணி. இன்னிக்கே வேண்டியதில்ல."

கூட்டம் சிரித்துவிட்டது. அக்காதான் சிரிக்கவில்லை. "ஏண்டா முத்து, கல்லாட்டம் உக்காந்திருக்கற மனுசனுக்கு மாலையோட ஊரக் கூட்டியாந்துட்டயேடா!"

வரும் வழியில் அண்ணன் சொன்னான்: "காரணமில்லாம எவனாச்சும் ஓடுவானாடா? ஓடோணும்னா ஊருக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணு வேணும்."

4

காரணம் மாரியம்மன் கோயிலில் கிடைத்தது. அமாவாசைக்குக் கூடியிருந்தார்கள். பூசாரி சொன்னார், முன்னொரு பஞ்சத்தில் காவேரித் தண்ணீரைத் தினமும் கொண்டுவந்து அம்மனுக்கு ஊற்றி மழை வந்ததாம். வண்டியில் கொண்டுவரக் கூடாது, வழியில் குடத்தை இறக்கக் கூடாது. "அதுக்கு இப்ப ஆரு இருக்கறாங்க?" என்றார்.

"நான் போறேனுங்க" என்றேன்.

அம்மனுக்காகச் சொன்னேனா, சோதனைக்காகச் சொன்னேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். அவளிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஆத்தா, உனக்குத் தண்ணி, எனக்கு ஓட்டம்" என்று சந்நிதியில் வாய்விட்டுச் சொல்லித்தான் கையை நீட்டினேன். பூசாரி மஞ்சள் நூலில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் காப்புக் கட்டினார். "மழை வந்தாத்தான் அவுக்கோணுமுங்க" என்றார். சரியென்றேன். நாலு நாளில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

மறுநாள் அதே சாலையில் மஞ்சள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். அதே டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பெண்கள் சொம்புத் தண்ணீரை என் காலில் ஊற்றினார்கள். லாரிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். காவேரியில் நடு மணல் காய்ந்து கிடந்தாலும் கரையோர மடுவில் ஆழம் இருந்தது. அது நீளமான மடு. இடிக்கச் சுவர் கிடையாது. எதிர்க் கரையில் ஒரு மருத மரத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு நேராகப் போகப் பழகினேன். நீந்தி எழுந்து, குடத்தை மொண்டு தோளில் வைத்துக்கொண்டு திரும்ப ஓட்டம். ஒரு மாதத்தில் வயிறு உள்ளே போயிற்று. மூச்சு சீராயிற்று. வேண்டியது கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் காப்பு என் கையில் மட்டுமா இருந்தது? வீட்டையே கட்டிப்போட்டது. கறி இல்லை, வெளியில் கை நனைக்கக் கூடாது, வெளியூரில் ராத் தங்கக் கூடாது, வாசலில் தனிப் பாய். மாமன் மச்சானெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சரசுவின் அண்ணன் வீடு கெங்கவல்லியில். அங்கே போய் ஒரு நாள் தங்க முடியவில்லை. குடம் வருகிற நேரத்துக்கு வீடு மெழுகி, குளித்து, விளக்கோடு நிற்க வேண்டியவள் அவள்தான்.

"ஏனுங்க, உங்குளுக்கு லீவு. எனக்கு இது செறைங்க" என்றாள். "அங்கயாச்சும் வெள்ளிக்கெழமை ஒரு நாள்தான் உங்களோட சண்டை. இங்க தெனமுங் காலைல."

வானம் வெளுத்தே கிடந்தது. ஊருக்கு இப்போது வானத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் என்னிடம்தான் பேசும். "நேத்து மேக்கால சித்த கருத்தாப்பல இருந்துதுங்க. நாளைக்கி இன்னுங் கொஞ்சம் வெரசா ஓடிப் பாருங்க" என்பார் ஒருவர். ஓடினேன்.

5

லீவு முடிகிற வாரம் வந்தது. மழை வரவில்லை. காப்பை அவிழ்த்துவிடுங்கள் என்று பூசாரியிடம் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மனைப் பார்த்தார். ஊர் கூடிவிட்டது.

"காப்புக் கட்டுனவன் கடல் தாண்டிப் போறதா? பாதில உட்டுட்டுப் போனா ஊருக்குத்தான் ஆகாது" என்றார் ஒரு பெரியவர்.

"போவலீன்னா அவுனுக்கு வேலை போயிருமுங்க" என்றான் அண்ணன்.

"எங்க பயிரு போயிருச்சே, அதுக்கென்னங்கறே?"

அங்கே குறித்த தேதிக்குப் போய் நிற்காவிட்டால் நான்கு பேர் விசா போகும். இங்கே பாதியில் விட்டுவிட்டுப் போனால் அம்மன் குற்றம், ஊர்ப் பழி. இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டதுபோல நின்றேன்.

பூ கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் வைத்து, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை என்றால் அவிழ்க்கலாம். குழந்தை எடுத்தது. பிரித்தார்கள். செவ்வரளி.

சோதனை போயிற்று, வேலை போயிற்று என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து சரசுவின் குரல் கேட்டது.

"ஏனுங்க பூசாரி ஐயா, காப்ப அவுக்கலாமான்னு கேட்டீங்க. அவுக்கக் கூடாதுன்னு ஆத்தா சொல்லிப்போட்டா. போகக் கூடாதுன்னு சொன்னாளுங்களா?"

பூசாரி யோசித்தார். "அது கேக்கலீங்களே."

"பொறவென்னுங்க? காப்போடயே போகட்டும்."

"போனா ஓட்டம் நின்னுருமே அம்மிணி?"

"அங்கயும் ஓடுவாருங்க. தெனமும் தண்ணி கொண்டாந்து எங்கூட்ல இருக்கற அம்மனுக்கு ஊத்துவாரு. மழை வார வரைக்கும். அதுக்கு நான் ஜவாப்பு."

அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை. சந்நிதியில் கற்பூரத்தை அணைத்து உறுதி சொன்னாள். ஊர் என்னை விட்டது.

6

சோதனையைக் கேட்காதீர்கள். முதல் ஆளாக ஓடி வந்தேன். குளத்தில் கோடு மாறாமல் போனேன். குளத்தில் இறங்கும் முன் கையிலிருந்த காப்பைக் கழற்றச் சொன்னார் அதிகாரி. "டெம்பிள் சார், நோ சார்" என்றேன். அதன்மேல் பிளாஸ்டர் சுற்றிவிட்டு நீந்தச் சொன்னார். முடிந்ததும் முதுகில் தட்டி, "ஊரில் என்ன சாப்பிட்டாய்?" என்றார். "நத்திங் சார்" என்றேன். அது உண்மைதான்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருக்கும். நிற்க முடியாது. எந்த ஷிப்டாக இருந்தாலும் தினமும் கடற்கரைக்கு ஓடி, கடலில் நீந்தி, பள்ளிவாசல் குழாயில் செம்பை நிறைத்துக்கொண்டு வர வேண்டும். கடல் தண்ணீர் உப்பு, அம்மன் முகத்தில் ஊற்றாதீர்கள் என்று சரசு சொல்லிவிட்டாள். பள்ளிவாசல் குழாயில் யார் பிடித்தாலும் கேட்பதில்லை, அவர்களும் நன்றாக இருக்கட்டும். முன்பெல்லாம் ஓட நேரம் கிடைக்கவில்லை என்று புலம்பினேன். இப்போது வீட்டு நேரமெல்லாம் ஓட்டத்தைச் சுற்றிப் போகிறது. கூடுதல் ஷிப்ட் கிடைத்தால் வாங்க முடியாது. பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப் போக முடியாது. மகள் கேட்கிறாள், "அப்பா, அங்கதான மழை வேணும், இங்க எதுக்கு ஓடறீங்க?" தமிழில் கேட்கிறாளே என்பது வரைக்கும் சந்தோஷம். மகன் அதைக்கூடக் கேட்பதில்லை. அவனுக்கு மழை என்றால் பள்ளிக்கூடம் லீவு விடுகிற ஒரு விஷயம்.

அண்ணனுக்கு எழுதினேன், மழை உண்டா என்று. "அம்மன் புண்ணியத்தில் குறையில்லை" என்று பதில் வந்தது. மழையே இல்லாத இரண்டு வருஷமும் அவன் அப்படித்தான் எழுதினான். கடலை போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தான். புதிதாகப் போர் போட்டுத் தண்ணீர் எடுத்திருப்பான் என்று நினைத்தேன்.

போலீஸ்காரரிடம் வானத்தைக் காட்டிய அதே வாரம், எங்கள் பக்கத்து ஊர் வெல்டர் ஒருவர் இங்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டோம். சாப்பிடும்போது கேட்டேன், "ஊர்ல மழை எப்பத்தாங்க வருமாம்?"

அவர் சோற்றை வாயில் வைக்காமல் என்னைப் பார்த்தார். "மழைங்களா? நீங்க பிளேன் ஏறுன அந்த வாரமே ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சுங்களே! கெணறெல்லாம் ரொம்பிக் கடை போச்சு. முத்து எப்படா போவான்னுதான் மழை காத்துட்டிருந்துதுன்னு டீக்கடைல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. உங்குளுக்குத் தெரியாதுங்களா?"

சரசு குழம்புக் கரண்டியோடு நின்றாள். அவர்தான் என் கையைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "இன்னும் அவுக்கலீங்களா?" என்றார்.

7

மழை வந்ததில் எனக்குக் குறையில்லை. அம்மன் கொடுத்தாள், ஊர் நனைந்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அத்தனை மாதமும் நான் அந்த மழையைக் கேட்டு ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"மறந்துட்டாங்களா சரசு?" என்றேன்.

"மறக்கலீங்க. மழை வந்தா எல்லாரும் நனைவாங்க, சொல்லித் தெரியோணுமான்னு உட்டிருப்பாங்க. நாம அங்க இல்லீங்கறதுதான் அவுங்களுக்கு ஞாபகம் வராது."

நீயே அவிழ்த்துவிடு என்று கையை நீட்டினேன். கிட்டே வந்தாள், முடிச்சைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள். "கட்டுனவங்க கையால, சந்நிதிலதான் அவுக்கோணும். கற்பூரம் அணைச்சவ நானுங்க. எம் பிள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஆருகிட்டப் போய் நிப்பேன்?" என்னை விடுவிக்கச் சொன்ன வாக்கில் இப்போது அவளும் மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அதிகாரியிடம் போய் ஒரு வாரம் லீவு கேட்டேன். காரணம் கேட்டார். "ரெயின், சார்" என்றேன். "எங்கே?" "மை வில்லேஜ்." "வெள்ளமா?" "நோ சார். குட் ரெயின்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். தாய் செத்துவிட்டாள் என்று வருகிறவனுக்கு லீவு கொடுத்திருக்கிறேன், நல்ல மழை பெய்துவிட்டது என்று வந்தவன் நீ ஒருவன்தான் என்றார். உன் முறை வரும்போது போகலாம் என்றார். முறை வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நூல் இப்போதே நைந்து போயிருக்கிறது. வேலையில் தோல் கையுறைக்குள் அது இழுபடும்போதெல்லாம் கையுறையைக் கழற்றிப் பார்த்துக்கொள்கிறேன். இத்து விழுந்துவிட்டால் அது என்ன கணக்கு என்று எனக்குச் சொல்ல இங்கே ஆள் இல்லை.

அதனால் இன்று காலையும் ஓடினேன். நாளைக்கும் ஓடுவேன்.

இதைப் படிக்கிற எங்கள் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால் பூசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் பேரைச் சொல்லி அம்மனிடம் பூ கேட்கட்டும், இங்கேயே சரசு கையால் அவிழ்த்துவிடலாமா என்று. வெள்ளை வந்தால் சொல்லி அனுப்புங்கள். சிவப்பு வந்தாலும் சொல்லி அனுப்புங்கள், ஓடுகிறேன். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.